கூண்டுக்குக் கீழே ஒரு கணக்கு

திறந்தவெளி முயல் வளர்ப்பில் இலாபமும் இழப்பும் தீர்மானிக்கப்படுவது தாங்கியின் அடியில்தான்

பங்குனி மாதப் பிற்பகலில் பாலக்காடு மாவட்டத்தின் கொழிஞ்சாம்பாறையில் நின்றால், கணவாய் வழியாக வீசும் வறண்ட காற்று முகத்தைச் சுடும். ஆடி மாதத்தில் இடுக்கி மாவட்டத்தின் பீர்மேட்டில் நின்றால், மழையும் மூடுபனியும் மாறி மாறி வந்து, துவைத்த துணி ஒரு வாரமானாலும் உலராது. இரண்டும் கேரளத்தின் கிழக்கு எல்லையில், தமிழகத்தை ஒட்டி, தமிழ் பேசும் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழும் பகுதிகள். நிலம் குறைவாக உள்ள வீடுகளில் துணை வருமானத்துக்காக முயல் வளர்க்கும் எண்ணம் இரண்டு இடங்களிலும் எழுகிறது. ஆனால் தட்பவெப்பம் இவ்வளவு வேறுபட்டிருந்தும், தொடங்குவோர் பலர் செய்யும் பிழை ஒன்றே. கூண்டையும் முயலையும் வாங்கிய பிறகுதான் கூண்டுக்குக் கீழே விழுவதைப் பற்றி அவர்கள் சிந்திக்கிறார்கள்.

முயல் வளர்ப்பு கைவிடப்படும் இடங்களில் காரணத்தைக் கேட்டால் நோய் என்பார்கள், வெயில் என்பார்கள், அயலாரின் புகார் என்பார்கள். சற்றே ஆராய்ந்தால், இவற்றுள் பெரும்பகுதி கூண்டின் அடியில் தேங்கிய ஈரத்திலிருந்து தொடங்கியிருப்பது தெரியவரும். அதே கழிவு முறையாகப் பிரித்து எடுக்கப்படும் இடத்தில் தோட்டத்துக்கு உரமாகவும், பண்ணைக்கு இரண்டாவது வருமானமாகவும் மாறுகிறது. ஆகவே, முயல் பண்ணைத் திட்டத்தைத் தரையிலிருந்து மேல்நோக்கி எழுத வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

இரு மலைகளுக்கு இடையே கிடைக்கும் அறிவு

இன்று நம் பகுதியில் வளர்க்கப்படும் சோவியத் சின்சில்லா, வெள்ளை ஜெயண்ட், சாம்பல் ஜெயண்ட், நியூசிலாந்து வெள்ளை ஆகியவை அயல்நாட்டு இனங்கள். சோவியத் சின்சில்லாவும் இரு ஜெயண்ட் இனங்களும் 1970-களின் இறுதியில் அன்றைய சோவியத் ஒன்றியத்திலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டவை. குளிர் நாட்டிலிருந்து வந்த இவற்றுக்கு மயிர்ப்போர்வை அடர்த்தி. வியர்த்து உடலைக் குளிர்விக்கும் ஆற்றல் மிகக் குறைவு. பெரும்பாலும் காதுகள் வழியாகவும் மூச்சின் வழியாகவுமே அவை வெப்பத்தை வெளியேற்றுகின்றன.

இவ்வினங்களைப் பற்றி நேரில் அறிய நம் எல்லைப் பகுதியினர் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. கொடைக்கானல் மேல்மலையில் உள்ள மன்னவனூரில், மத்திய செம்மறியாடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல ஆராய்ச்சி மையம் இயங்குகிறது. செம்மறியாடுகளோடு முயல்களும் அங்கு வளர்க்கப்படுகின்றன. மலையின் மறுசரிவில்தான் இடுக்கி மாவட்டத்தின் வட்டவடை. பாலக்காட்டினருக்குத் திருச்சூரை அடுத்த மண்ணுத்தி அருகில். அங்குள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி 2010-இல் தொடங்கப்பட்ட கேரள கால்நடை மற்றும் விலங்கு அறிவியல் பல்கலைக்கழகத்தின் அங்கம். முயல் வாங்குவதற்கு முன் இத்தகைய இடமொன்றில் ஒருநாள் செலவிட்டு, கூண்டுகளை நிமிர்ந்து பார்ப்பதோடு, அவற்றின் அடியில் குனிந்தும் பார்த்துவிட்டு வருவது நல்லது.

ஒரு செய்தியை இங்கேயே சொல்லிவிடுவோம். வளர்ப்பு முயல் வேறு, நம் காடுகளில் திரியும் காட்டு முயல் வேறு. பரம்பிக்குளம், சின்னாறு போன்ற வனப்பகுதிகளை ஒட்டி வாழ்வோர் காட்டு முயலைப் பிடிப்பதோ வளர்ப்பதோ 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்க் குற்றமாகும்.

பாலக்காட்டுத் தாங்கி: பகை வெயில்

மேற்குத் தொடர்ச்சி மலையில் 30 முதல் 40 கிலோமீட்டர் அகலத்தில் உள்ள இடைவெளியே பாலக்காட்டுக் கணவாய். அதன் கிழக்கு வாயிலில் உள்ள சித்தூர் வட்டத்துக் கிராமங்கள் மழை குறைந்தவை. கோடையில் வெப்பம் 40 பாகை செல்சியசைத் தாண்டும் நாள்களும் உண்டு. முயலுக்கு இதமானது ஏறத்தாழ 15 முதல் 25 பாகை வரையான வெப்பம். 30-ஐக் கடந்தால் தீவனம் எடுப்பது குறையும்; ஆண் முயல்களின் இனப்பெருக்கத் திறன் சில வாரங்களுக்குத் தாழும். 35-க்கு மேல், நிழலும் காற்றும் இல்லாவிடில் உயிருக்கே ஆபத்து.

ஆகவே இங்கே தாங்கியின் முதற்பணி நிழல். வேம்போ புங்கோ தழைத்து நிற்கும் இடத்தைத் தேர்ந்து, கூண்டு வரிசையின் நீளவாட்டு கிழக்கு மேற்காக அமையும்படி நிறுத்த வேண்டும். அப்போது காலை வெயிலும் மாலை வெயிலும் வரிசையின் குறுகிய பக்கத்தில் மட்டுமே படும். கூரைக்குத் தென்னோலை அல்லது ஓடு சிறந்தது. தகரம் தவிர்க்க முடியாததாயின், மேலே வெள்ளைச் சுண்ணாம்பு பூசி, ஓலையும் பரப்பிவிட வேண்டும். வறண்ட காற்று வீசும் கிழக்குப் பக்கத்தில் நனைத்த சாக்குப் படுதாவைத் தொங்கவிட்டால், அதனூடே வரும் காற்று குளிர்ந்து வரும். காற்றில் ஈரம் குறைவாக உள்ள பாலக்காட்டில் இது நன்கு பயன்படும். ஈரம் மிகுந்த மலைப்பகுதியில் இதே படுதா கேட்டையே விளைவிக்கும்.

இடுக்கித் தாங்கி: பகை ஈரம்

இடுக்கி முழுவதும் ஒரே தன்மையானதன்று. மறையூரும் சின்னாறும் மழைமறைவுப் பகுதிகள்; பீர்மேடு, வண்டிப்பெரியாறு, தேவிகுளம் பகுதிகளில் தென்மேற்குப் பருவமழை கொட்டித் தீர்க்கும். இங்கே குளிரைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. உலர்ந்த இடமும் காற்று நேரே தாக்காத மறைவும் இருந்தால் மலைக்குளிரை முயல் எளிதில் தாங்கும். அது தாங்காதது நனைந்த உடலோடு காற்றில் நிற்பதும், ஈரக் காற்றில் கலந்த அம்மோனியாவைச் சுவாசிப்பதுமே.

எனவே கூரையின் விளிம்பு கூண்டைத் தாண்டி எல்லாப் பக்கமும் மூன்று அடியாவது நீண்டிருக்க வேண்டும். மழைக்காற்று அடிக்கும் மேற்கு, தென்மேற்குப் பக்கங்களைத் தார்ப்பாயால் மறைக்கலாம். ஆனால் கூரையை ஒட்டி ஓர் அடி இடைவெளி விட்டே மறைக்க வேண்டும். முற்றிலும் மூடினால் அடியிலிருந்து எழும் ஆவி உள்ளேயே சுழன்று நிற்கும்.

சரிவில் தாங்கி அமைப்போர் மண்ணை வெட்டித் தளம் சமைப்பதைக் குறைத்துக்கொள்ள வேண்டும். 2018 ஆகஸ்ட் பெருமழையும் அதனால் நிகழ்ந்த மண்சரிவுகளும் நினைவில் நிற்கும் மாவட்டம் இது. தாங்கியின் கால்களைச் சரிவுக்கேற்ப நீட்டியும் குறைத்தும் அமைப்பது, மண்ணை வெட்டுவதினும் பாதுகாப்பானது, செலவும் குறைவு. மேற்சரிவில் பிறை வடிவில் ஒரு வாய்க்கால் வெட்டி, வழிந்து வரும் மழைநீரைத் தாங்கியின் அடிக்குள் புகாமல் திருப்பிவிட வேண்டும். கழிவில் கலக்கும் மழைநீர் ஒவ்வொரு குடமும் கீழே உள்ள ஓடையையோ அயலாரின் கிணற்றையோ சென்றடையும் என்பதை மறக்கலாகாது. உரக்குழியை எக்காரணம் கொண்டும் கிணற்றுக்கு மேற்சரிவில் அமைக்கக் கூடாது.

கூண்டும் கால்களும்

இரு மாவட்டங்களுக்கும் பொதுவான அளவுகள் சில உண்டு. வளர்ந்த ஆண் முயலுக்கு 4 சதுர அடி, தாய் முயலுக்கு 5 சதுர அடி, தாயிடமிருந்து பிரித்த குட்டி ஒன்றுக்கு 1.5 சதுர அடி என்பது பொதுவாகப் பரிந்துரைக்கப்படும் தரைப்பரப்பு. உயரம் 18 அங்குலம். தரைக்குத் துத்தநாகம் பூசிய 14 கேஜ் கம்பி வலையை, கண் அளவு அரை அங்குலத்துக்கு ஓர் அங்குலமாக இருக்கும்படி வாங்க வேண்டும். கண் அகன்றால் குட்டியின் கால் சிக்கும். குறுகினால் எரு விழாமல் வலையிலேயே அப்பிக்கொள்ளும். கனத்த உடலுள்ள ஜெயண்ட் இனங்களுக்குப் பாதத்தில் புண் வராமலிருக்க, கூண்டின் ஒரு மூலையில் பலகைத் துண்டொன்றை இட்டு, அதை வாரந்தோறும் கழுவி வெயிலில் உலர்த்த வேண்டும்.

முயல் இரவில் வெளியிடும் மென்மையான எருவை நேரடியாகவே வாயால் எடுத்து மீண்டும் உண்ணும். அது அதன் செரிமானத்தின் இயல்பான பகுதி. கம்பித் தரை அதைத் தடுப்பதில்லை. கீழே விழுவது பகலில் நாம் காணும் கடினமான உருண்டைகளே.

கூண்டின் தரை நிலத்திலிருந்து மூன்று முதல் நான்கு அடி உயரத்தில் இருப்பது நல்லது. இந்த உயரம் முயலுக்கு மட்டுமன்றி நமக்காகவும்தான். மண்வெட்டியோடு ஒருவர் குனிந்து அடியைச் சுத்தம் செய்ய இடம் வேண்டும். சுத்தம் செய்வது கடினமாக இருக்கும் இடம் நாளடைவில் சுத்தம் செய்யப்படாத இடமாகிவிடும். இதே காரணத்தால், திறந்தவெளியில் ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று அடுக்குகள் அமைப்பதைத் தொடக்கக்காரர்கள் தவிர்க்க வேண்டும். இடம் குறைவாயின், மேல் அடுக்கிலிருந்து விழுவது கீழ் அடுக்கின்மீது படாதவாறு படிக்கட்டு போல இரண்டு அடுக்குகள் அமைக்கலாம்.

கால்களுக்கு இரும்புக் குழாயோ சிமெண்டுத் தூணோ ஏற்றது. கமுகு மரம் மலிவு. ஆனால் மண்ணைத் தொடும் பகுதியைச் சிமெண்டில் பதிக்காவிட்டால் ஓரிரு மழைக்காலத்தில் உளுத்துவிடும். எறும்பு ஏறாமலிருக்கக் கால்களின் அடியில் கிண்ணம் வைப்பார்கள். அதில் வெறும் நீர் நின்றால் கொசு முட்டையிடும். மேலே சிறிது எண்ணெய் விடுவதை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். நாய், கீரி, பாம்பு, காட்டுப்பூனை ஆகியவற்றிடமிருந்து காக்க, தாங்கியைச் சுற்றி வேலியும் இரவில் பூட்டும் தேவை.

கீழே விழுவது என்ன?

தாங்கியின் அடியை ஒருநாள் கூர்ந்து பார்த்தால் ஐந்து பொருள்கள் தென்படும். எரு உருண்டைகள், சிறுநீர், சிந்திய தீவனம், உதிர்ந்த மயிர், குடிநீர்க் குழாயிலிருந்து ஒழுகும் நீர். இவற்றுள் எரு உருண்டை தனித்து இருந்தால் தொல்லையே இல்லை. அது விரைவில் காய்ந்துவிடும், மணமும் குறைவு. சிறுநீரோ ஒழுகும் நீரோ அதனோடு கூடும்போதுதான் கேடு தொடங்குகிறது. சிறுநீரில் உள்ள யூரியாவை எருவில் வாழும் நுண்ணுயிர்கள் சிதைத்து அம்மோனியாவாக்குகின்றன. காற்றைவிட எடை குறைந்த அந்த ஆவி நேரே மேலெழுந்து முயலின் மூக்கைச் சென்றடைகிறது. மூச்சுப்பாதையின் உட்சவ்வு அரிக்கப்பட்ட பின், பாஸ்டுரெல்லா போன்ற நுண்ணுயிர்கள் எளிதில் புகுந்து, தும்மலும் சளியும் கண்ணீருமாக வெளிப்படுகின்றன. மருந்தால் நோயைத் தணிக்கலாம். ஆனால் அடியில் உள்ள ஈரம் அப்படியே இருந்தால் நோய் மீண்டும் மீண்டும் வரும்.

இதை அளக்கக் கருவி வேண்டியதில்லை. காலையில் முதல்முறையாகத் தாங்கியை அணுகும்போது, முயல் நிற்கும் உயரத்துக்குத் தலையைத் தாழ்த்திச் சிறிது நேரம் மூச்சிழுத்துப் பாருங்கள். கண் எரிந்தால், முயலுக்கு இரவு முழுவதும் எரிந்திருக்கிறது என்று பொருள்.

இங்கே பரவலாகச் செய்யப்படும் ஒரு தவற்றையும் சுட்ட வேண்டும். நாற்றம் எழுந்தவுடன் ஈர எருவின்மீது சுண்ணாம்புத் தூளைத் தூவுவார்கள். சுண்ணாம்பு எருவின் காரத்தன்மையை உயர்த்துவதால், அதில் அடங்கியிருந்த அம்மோனியாவும் கூடுதல் வேகத்தில் வெளியேறும். உரத்தின் சத்தும் போகும், முயலின் மூச்சும் கெடும். எருவை முழுவதும் அள்ளி அகற்றிய பின் வெறும் தரையில் தூவுவதற்கே சுண்ணாம்பு பயன்படும். ஈர எருவின்மீது தூவ வேண்டியது உலர்ந்த மரத்தூள், தென்னைநார்க் கழிவு, நிலக்கடலைத் தோல், காய்ந்த சருகு போன்ற ஈரம் உறிஞ்சும் பொருள்களே.

சிந்திய தீவனம் எலியை அழைக்கும். எலியின் சிறுநீர் வழியே எலிக்காய்ச்சல் மனிதருக்குப் பரவும். மழைக்காலத்தில் தாங்கியின் அடியில் வேலை செய்வோர் கையுறையும் நீள் காலணியும் இன்றி இறங்கக் கூடாது. ஈர எருவில் ஈ முட்டையிட்டால், வெப்பமான நாள்களில் ஏழு முதல் பத்து நாள்களுக்குள் புதிய ஈக்கள் பறக்கத் தொடங்கும். ஆகவே ஐந்து நாளுக்கு ஒருமுறை அடியைக் காலி செய்பவரின் முற்றத்தில் ஈத் தொல்லை பெருகாது.

பிரித்தால் உரம், கலந்தால் கழிவு

கழிவு மேலாண்மைக்கு மூன்று வழிகள் உண்டு. செலவும் இடமும் பார்த்து ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம்.

முதலாவது, உலர் படுகை. தாங்கியின் அடியில் மண்ணை மேடாக்கி, அதன்மீது அரை அடி உயரத்துக்குச் சருகும் நார்க்கழிவும் பரப்பிவிடுவது. விழுவதை அது உறிஞ்சிக்கொள்ளும். வாரம் ஒருமுறை கிளறி, ஈரமான பகுதியை அள்ளிவிட்டுப் புதிதாகப் பரப்ப வேண்டும். காற்று வறண்ட பாலக்காட்டில் ஆண்டின் பெரும்பகுதிக்கு இதுவே போதும்.

இரண்டாவது, சாய்வுத் தாள் முறை. கூண்டின் அடியில் ஓர் அடி இறக்கத்தில் நுண்ணிய நெகிழி வலையை இழுத்துக் கட்டினால், எரு உருண்டைகள் வலையில் தங்கும். சிறுநீர் ஊடுருவிக் கீழே உள்ள தடித்த நெகிழித் தாளில் வழியும். தாளின் தாழ்ந்த விளிம்பில் நீளவாட்டில் பிளந்த பி.வி.சி. குழாயைப் பொருத்தினால், சிறுநீர் ஒரு மூடிய கலனைச் சென்றடையும். கலன் திறந்திருந்தால் நைட்ரஜன் சத்து ஆவியாகிவிடும். முயலின் சிறுநீரில் சுண்ணச் சத்து மிகுதி என்பதால், குழாயில் வெள்ளைப் படிவு உருவாகும். மாதம் ஒருமுறை வினிகர் ஊற்றித் தேய்த்தால் அது நீங்கும். தாளாக இரும்புத் தகட்டைப் பயன்படுத்தக் கூடாது, சிறுநீர் அதை அரித்துவிடும். மழை மிகுந்த இடுக்கிப் பகுதிகளுக்கு இம்முறையே பொருந்தும்.

மூன்றாவது, மண்புழுப் படுகை. தாங்கியின் அடியிலேயே ஓர் அடி உயரத்துக்குக் கல் அடுக்கித் தொட்டி கட்டி, அடியில் தேங்காய் மட்டையும் அதன்மேல் பாதி மக்கிய சாணமும் சருகும் இட்டு மண்புழுக்களை விடுவது. சொல்வதற்கு எளிது, ஆயினும் அடர்ந்த சிறுநீர் நேரடியாக விழுந்தால் புழுக்கள் ஓடிவிடும் அல்லது மடியும். எருவை அதிகமாகக் குவித்தாலும் படுகை சூடேறிப் புழு அழியும். சாய்வுத் தாள் முறையில் சிறுநீரைப் பிரித்துவிட்டு, எருவை மட்டும் இரண்டு மூன்று அங்குல அடுக்குகளாகத் தொட்டியில் சேர்ப்பதே வெற்றி தரும். சொறிநோய்க்கு ஐவர்மெக்டின் போன்ற மருந்தை முயலுக்குக் கொடுத்த நாள்களில், அவற்றின் எருவைப் புழுத்தொட்டியில் சேர்க்காமல் தனியே மக்கவைப்பது முன்னெச்சரிக்கையாகும்.

எருவை எவ்வழியில் எடுத்தாலும், காய்கறிக்கு இடுமுன் மக்கவைப்பது நல்லது. முயல் எருவில் நைட்ரஜன் மிகுதி. எனவே அதைவிடக் கூடுதல் அளவில் காய்ந்த தாவரக் கழிவைக் கலந்து குவிக்க வேண்டும். பாலக்காட்டில் கரும்புச் சோகையும் நார்க்கழிவும், இடுக்கியில் ஏலத்தோட்டச் சருகும் வாழை மட்டையும் எளிதில் கிடைக்கும். குவியலின் நடுவே ஓர் இரும்புக் கம்பியைச் செருகி, சிறிது நேரம் கழித்து உருவித் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு இருந்தால் மக்கும் பணி நடக்கிறது. சூடு தணியும்போதெல்லாம் புரட்டிவிட்டால் இரண்டு மாத அளவில் மண்மணம் கமழும் உரம் கிடைக்கும்.

ஓர் எச்சரிக்கை. பசும் எருவை இட்டு வளர்த்த புல்லை மீண்டும் முயலுக்கே அறுத்துப் போடுவது நோயை வட்டமிடச் செய்வதாகும். இரத்தக்கழிச்சலையும் ஈரல் நோயையும் உண்டாக்கும் காக்சிடியா ஒட்டுண்ணியின் முட்டைகள் எருவோடு வெளியேறி, ஈரமும் வெப்பமும் கிடைத்தால் சில நாள்களில் நோய் பரப்பும் நிலையை அடைகின்றன. கம்பித் தரை அமைப்பதே இவற்றை முயலிடமிருந்து பிரிப்பதற்காகத்தான். கீழே பிரித்ததைப் புல் வழியாக மேலே திருப்பி அனுப்பினால் கூண்டுக்குச் செய்த செலவு வீணாகும்.

சேமித்த சிறுநீரை ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு நீர் சேர்த்துச் செடியின் வேரைச் சுற்றி ஊற்றலாம். முதலமடையின் மாந்தோப்புகள், சித்தூரின் காய்கறி வயல்கள், உடும்பன்சோலையின் ஏலத்தோட்டங்கள், புவிசார் குறியீடு பெற்ற பூண்டு விளையும் காந்தளூர், வட்டவடைத் தோட்டங்கள் என உரம் தேவைப்படாத ஊர் நம் எல்லையில் இல்லை. உலர்த்திச் சலித்து, சிறு பைகளில் அடைத்துக் கொடுத்தால் நகரத்து மாடித்தோட்டக்காரர்களும் வாங்குவார்கள்.

பிறக்காத குட்டிகளுக்கும் இடம்

வங்கிக்குக் கொண்டுவரப்படும் திட்ட அறிக்கைகளில் காணும் முதன்மையான குறை, தொடக்க நாளின் எண்ணிக்கையை வைத்தே கூண்டும் கழிவுக்குழியும் கணக்கிடப்படுவது. பத்துத் தாய் முயல், இரண்டு ஆண் முயலோடு தொடங்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். முயலின் சினைக்காலம் ஏறத்தாழ ஒரு மாதமே. ஒரு தாய் ஆண்டுக்கு ஐந்து முறை ஈன்று, ஒவ்வொரு முறையும் ஆறு குட்டிகள் பிழைத்தால், பத்துத் தாய்களுக்கு ஆண்டில் 300 குட்டிகள். ஒவ்வொரு குட்டியும் விற்பனைக்கு முன் மூன்று மாதம் நம்மிடம் இருக்கும் எனில், எந்நாளும் சராசரியாக 75 குட்டிகள் பண்ணையில் இருக்கும். தொடக்கத்தில் 12; ஓராண்டுக்குள் 87.

கூண்டின் பரப்பையும் பார்ப்போம். பன்னிரண்டு வளர்ந்த முயல்களுக்கு 58 சதுர அடி. முதல் மாதம் தாயோடு இருக்கும் 25 குட்டிகளை விட்டுவிட்டால், எஞ்சிய 50 குட்டிகளுக்கு 75 சதுர அடி. ஆக, மொத்தம் 133 சதுர அடியில் பாதிக்கும் மேற்பட்டது இன்னும் பிறக்காத குட்டிகளுக்கானது. அந்த இடத்தை முன்கூட்டியே ஒதுக்காதவர், நான்காம் மாதத்தில் நெருக்கடியில் குட்டிகளைத் திணிப்பார், அடியில் ஈரம் கூடும், நோய் வரும், தவணை தவறும்.

கழிவின் அளவை அறிய எளிய வழி உண்டு. ஒரு கூண்டின் அடியில் ஒருநாள் முழுவதும் தாளை விரித்து, விழுந்ததை நிறுத்துப் பாருங்கள். அதை உச்ச எண்ணிக்கையால் பெருக்கினால் குழியின் கொள்ளளவும், ஆண்டு உர விற்பனையின் மதிப்பீடும் ஒருசேரக் கிடைக்கும்.

கடனும் உரிமமும்

முயல் வளர்ப்போரும் கிசான் கடன் அட்டை பெறலாம் என்பது பலருக்குத் தெரியாது. கால்நடை வளர்ப்புக்கும் மீன்வளத்துக்கும் இந்த அட்டையை விரிவுபடுத்தி ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியில் வெளியிட்ட வழிகாட்டுதலில் முயலும் இடம்பெற்றுள்ளது. சொந்தக் கொட்டகை மட்டுமன்றி, வாடகைக்கோ குத்தகைக்கோ எடுத்த கொட்டகையில் வளர்ப்போரும், கூட்டுப் பொறுப்புக் குழுக்களும், சுயஉதவிக் குழுக்களும் இதற்குத் தகுதியுடையவர்கள். தீவனம், மருத்துவம், கூலி, மின்சாரம், குடிநீர் ஆகிய நடைமுறைச் செலவுகளுக்கே இக்கடன். கூண்டு, தாங்கி, கூரை, உரத்தொட்டி ஆகியவை நிலையான சொத்துகள் என்பதால், அவற்றுக்குத் தவணைக் கடனே பொருத்தமானது. நடைமுறை மூலதனத்தை எடுத்துக் கூரை போட்டுவிட்டு, தீவனத்துக்குக் கைமாற்று வாங்குவது கடன்சுமையின் முதற்படி. 2025 ஜனவரி 1 முதல் பிணையின்றி வழங்கப்படும் வேளாண் மற்றும் சார்புத் தொழில் கடனின் வரம்பு 2 லட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டுள்ளது. வட்டிச் சலுகை விவரங்களைக் கிளையில் கேட்டறிந்து, தவணை தவறாதவர்க்குரிய சலுகையை இழக்காதிருக்க வேண்டும்.

கேரளத்தில் குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் கால்நடை வளர்க்க, 2012-ஆம் ஆண்டின் கால்நடைப் பண்ணை உரிம விதிகளின்படி ஊராட்சியின் உரிமம் தேவை. கழிவை அகற்றும் ஏற்பாடு அதில் முக்கியமாகப் பார்க்கப்படும். உரிமத்துக்கான எண்ணிக்கையைக் கேட்கச் செல்லும்போது, தொடக்கத்தின் 12-ஐ அல்ல, மேலே கண்ட 87-ஐ மனத்தில் கொள்ள வேண்டும். இறைச்சியாக விற்க எண்ணுவோர் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் உரிய அனுமதியையும் பெற வேண்டும்.

இறுதியாக ஒரு சொல். குட்டிகளை அதிக விலைக்கு விற்று, வளர்ந்ததும் தாமே திரும்ப வாங்கிக்கொள்வதாக உறுதியளிக்கும் விளம்பரங்கள் அவ்வப்போது தலைகாட்டுகின்றன. 2012-இல் பெருந்துறைப் பகுதியில் ஈமு கோழித் திட்டங்கள் சரிந்தபோது, முதலிட்ட எத்தனையோ குடும்பங்கள் சேமிப்பை இழந்தன. திரும்ப வாங்குவோரைத் தவிர வேறு வாடிக்கையாளர் இல்லாத பொருளில் முதலிடுவது முதலீடன்று. முயலை உள்ளூரில் யார், எந்த விலைக்கு, மாதம் எத்தனை வாங்குவார் என்பதை நீங்களே விசாரித்து எழுதிய ஒரு தாள், அச்சிட்ட எந்த ஒப்பந்தத்தினும் மேலானது. இரண்டு தாய், ஓர் ஆண் என்று தொடங்கி, ஒரு வெயில்காலத்தையும் ஒரு மழைக்காலத்தையும் கடந்த பின் கடனுக்கு வருவோரை எந்தக் கிளையும் மகிழ்ச்சியோடு வரவேற்கும்.

காலை நடை

அனுபவமுள்ள வளர்ப்பாளர் காலையில் தாங்கியை அணுகும்போது முதலில் முயலைப் பார்ப்பதில்லை, கீழே பார்க்கிறார். உருண்டைகள் பருத்து, உலர்ந்து, ஒரே அளவில் கிடந்தால் மேலே எல்லாம் நலம். சிறுத்துக் கறுத்திருந்தால் தண்ணீர் போதவில்லை அல்லது முயல் தீவனத்தை மறுத்திருக்கிறது. மயிரால் கோத்த மாலை போல் விழுந்திருந்தால் மயிர் உதிர்வு மிகுந்துள்ளது. நார்த்தீவனத்தைக் கூட்ட வேண்டும். இளகிப் பரவிக் கிடந்தால், அக்கூண்டின் முயலை அன்றே பிரித்து மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஒரு கூண்டின் அடியில் மட்டும் ஒன்றும் விழவில்லையென்றால், அது எல்லாவற்றினும் அவசரமான செய்தி.

வங்கிக் கணக்குப் புத்தகத்தை மாதம் ஒருமுறை பார்க்கிறோம். முயல் பண்ணையின் கணக்குப் புத்தகம் நாள்தோறும் காலையில் தாங்கியின் அடியில் விரிந்து கிடக்கிறது. அதைக் குனிந்து படிக்கப் போதிய உயரம் விட்டுத் தாங்கியைக் கட்டுவதே இத்தொழிலில் நாம் செய்யும் முதல் முதலீடு.